கடல் பக்கம், கரை பக்கம்

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் புது மெஷின் வந்துவிட்டதாம். அளப்பது, காந்தத்தைத் திருப்புவது, வரைபடம் போடுவது எல்லாம் அதுவே செய்துகொள்ளுமாம். நான் பாதி ஆயுளைக் கழித்த பழைய காந்தத்தைக் கழற்றி வராந்தாவில் வைத்திருக்கிறார்கள்.

"சார், அந்தக் காந்தத்துல ஒரு பக்கம் 'கடல்'னும் இன்னொரு பக்கம் 'கரை'ன்னும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அது இன்னாத்துக்கு சார்? ஜன்னலைத் தொறந்தா கேன்டீன்தான் தெரியுது. கடல் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டான் ஒருவன்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை. காப்பித் தட்டோடு வந்த என் மனைவி, இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். கதையைச் சொல்லி முடித்ததும், "சார், இதை எழுதிடுங்க சார், எங்களுக்கப்புறம் வர்றவங்க கேப்பாங்க" என்றார்கள் பையன்கள். சரி, எழுதுகிறேன். எனக்கும் வேறு வேலை இல்லை.

என் பெயர் ராஜமாணிக்கம். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. டிப்ளமோ முடித்துவிட்டு சிதம்பரத்தில் இயற்பியல் துறையில் தொழில்நுட்ப உதவியாளனாகச் சேர்ந்தேன். ஸ்க்ரூ முடுக்கினேன், பம்ப்புக்கு எண்ணெய் மாற்றினேன், வெளியூருக்கு அனுப்பி வெற்றிடத் தொழில்நுட்பம் கற்றுவரச் சொன்னார்கள், கற்று வந்தேன். கல்யாணமாகி கீழ வீதிப் பக்கம் குடிவந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். என் வேலை உண்மையில் தொடங்கியது தனசேகரன் சார் துறைக்கு வந்த பிறகுதான்.

தனசேகரன் சார் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். உயரமான ஆள். ஆய்வுக்கூடத்துக்குள் வந்தால் உட்காரவே மாட்டார். நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "வேல நடக்கிற எடத்துல உக்காந்தா தூக்கம் வருதுய்யா" என்பார். யாராவது, "சார், ரிசல்ட் வந்துடுச்சு" என்று ஓடிவந்தால் முகத்தில் ஒரு சந்தோஷமும் காட்டமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். "திருப்பிப் போடு."

கரன்ட்டைத் திருப்பிப் போடு. காந்தப்புலத்தைத் திருப்பிப் போடு. அளக்கிற சிலிக்கான் சில்லையே கழற்றித் திருப்பிப் போடு. திருப்பிப் போட்டால் உண்மையான சிக்னல் திரும்பும், சூடேறியதால் வந்த பொய்ச் சிக்னல் திரும்பாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் நாள் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டு மாணவர்கள் அவருக்குப் பரோட்டா மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். ஒருநாள் கேன்டீனில் பரோட்டாவைக் கையில் எடுத்து, "இதக் கூட ரெண்டு பக்கமும் பார்த்துதான்யா சாப்புடணும்" என்றாரே பார்க்கலாம்!

எங்கள் வேலை அடுக்கு போடுவது. சிலிக்கான் சில்லின் மேல் பிளாட்டினம், அதன் மேல் கோபால்ட், அதன் மேல் டங்ஸ்டன். ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் கனம். தலைமுடியின் கனத்துக்குள் இப்படிப்பட்ட அடுக்குகளை ஆயிரக்கணக்கில் அடைக்கலாம். முதலில் சில்லைக் கழுவி, கையுறையோடு தாங்கியில் பொருத்தி, உலோகக் கலத்துக்குள் வைத்துக் கதவை இறுக்க வேண்டும். பிறகு பம்ப் காற்றை உறிஞ்சும். கோடையில் பிரச்சனை இல்லை. மழைக்காலத்தில் கதவைத் திறந்தீர்களோ தொலைந்தது, கலத்தின் சுவரெல்லாம் ஈரம் குடித்துவிடும், பம்ப் பொழுதுக்கும் முனகும். உள்ளே அழுத்தம் நன்றாக இறங்கியதும் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால் உள்ளே ஊதா வெளிச்சம் மலரும். அந்த வாயு பிளாட்டினத் தகட்டில் மோதி அணுக்களைப் பெயர்க்கும். பெயர்ந்த அணுக்கள் சில்லில் படியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஊதா எனக்கு அலுக்கவில்லை. கடைசியில் மேலே ஒரு பாதுகாப்பு அடுக்கு போட்டே ஆக வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்குக் கோபால்ட் தாங்காது.

எதற்கு இதெல்லாம்? என் மாமனாரும் இதைத்தான் கேட்டார். கம்ப்யூட்டருக்குள் ஒரு விஷயத்தை ஞாபகம் வைக்கக் காந்தம் பயன்படும். காந்தம் மேல்நோக்கி இருந்தால் ஒன்று, கீழ்நோக்கி இருந்தால் பூஜ்யம். அதைக் கவிழ்க்க வெளியிலிருந்து பெரிய காந்தம் கொண்டுவராமல், பக்கத்து அடுக்கில் கரன்ட்டை ஓட்டியே கவிழ்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. பிளாட்டினத்தில் கரன்ட் ஓடும்போது ஒரு வகை ஸ்பின் உள்ளவை மேலே ஒதுங்கும், எதிர்வகை கீழே ஒதுங்கும். கூட்டமான தெருவில் இரண்டு சாரார் இரண்டு ஓரமாகப் பிரிந்து நடப்பதுபோல. மேலே ஒதுங்கிய ஸ்பின், கோபால்ட்டுக்குள் நுழைந்து அதன் காந்தத்தை முறுக்கும். உள்ளே நுழைவதற்கு ஸ்பின் கரன்ட் என்றும், முறுக்குவதற்கு முறுக்குவிசை என்றும் பெயர். என் மாமனார் முறுக்கு என்ற இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார், கேட்டுக்கொண்டிருந்த மாமியார் உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

டங்ஸ்டன் இதற்கு நேர் எதிர். பிளாட்டினம் மேலே அனுப்பும் ஸ்பின்னை அது கீழே அனுப்பும். அதனால் கோபால்ட்டுக்கு அடியில் பிளாட்டினத்தையும் தலைமேல் டங்ஸ்டனையும் வைத்தால், இரண்டும் ஒரே வகை ஸ்பின்னைக் கோபால்ட்டுக்குள் தள்ளும். முறுக்கு இரட்டிப்பாகும். குறைந்த கரன்ட்டில் காந்தம் கவிழும். இதை எங்கள் கருவியில், எங்கள் சில்லில் செய்துகாட்டுவதுதான் செல்வியின் ஆராய்ச்சி.

செல்வி கடலூர் பக்கத்து மீனவக் கிராமத்துப் பெண். அவள் அப்பா கலியமூர்த்தி சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், தப்பு செய்தால் சத்தமாகத் தன்னையே திட்டிக்கொள்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு அடுக்கையும் சேர்ப்பதற்கு முன்னால், அந்தப் பழைய காந்தத்தின் நடுவில் வைத்துத் தனித்தனியாக அளக்க வேண்டும். அடியில் பிளாட்டினம் மட்டும் உள்ள சில்லுகள் சில, தலைமேல் டங்ஸ்டன் மட்டும் உள்ளவை சில. இரண்டு வகையிலும் முறுக்கு ஒரே திசையில் வரவேண்டும். வந்தால் சேரும். எதிரெதிராக வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போகும், ஆராய்ச்சியும் போகும்.

செல்வியின் சில்லுகளில் முறுக்கு தினமும் ஒரு திசையில் வந்தது! அதே சில்லு திங்கட்கிழமை பிளஸ், புதன்கிழமை மைனஸ். தனசேகரன் சார் வந்து திருப்பிப் போடு என்றார். போட்டாள். சிக்னல் அழகாகத் திரும்பியது. அதாவது சிக்னல் நிஜம். ஆனால் எந்தப் பக்கம் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறுகிறது. சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கவே மறந்து போய்விட்டார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. உதவித்தொகையும் அத்தோடு நின்றுவிடும். செல்வியின் சிரிப்பு நின்றது. ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"சார், நான் விட்டுடலாம்னு இருக்கேன். கடலூர்ல கெமிக்கல் கம்பெனி ஒண்ணுல லேப்ல ஆள் எடுக்கறாங்களாம். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அவரு எங்க தெருவுல எல்லார்கிட்டயும் டாக்டர் பொண்ணுன்னு இப்பவே சொல்லிகினு கெடக்குறாரு."

"வாய மூடு. மொதல்ல சாப்புடு" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் பேசுவேன். உண்மையில் அவள்மேல் கோபமில்லை. இத்தனை சில்லுகளை நானும் அவளும் சேர்ந்து போட்டிருக்கிறோம், ஒன்றுகூடக் கோணல் கிடையாது. அந்தக் காந்தத்தைத்தான் எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

மறுநாள் அவள் என் மேசைக்கு முன்னால் வந்து துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்வேன், கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"எந்த நாளு எப்படி வந்துச்சுன்னு பிரிச்சுப் பார்த்தேன். நீங்க கூட இருக்கற அன்னைக்கெல்லாம் மைனஸா வருது சார். நீங்க இல்லாத அன்னைக்கு பிளஸ்ஸு."

"நான் என்னா காந்தமா?" என்று கத்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து எலக்ட்ரீஷியன் பன்னீர் ஓடிவந்தான். அவன் என் சிநேகிதன், மச்சான் மச்சான் என்று என் உயிரை எடுப்பவன். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு வாழ்நாள் சந்தோஷம்.

"மச்சான், உன் பெல்ட்டு பக்கிள் இரும்பு. கழட்டு."

கழற்றினேன். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, செல்போன், ஷூ எல்லாம் போயிற்று. அளந்தார்கள், மைனஸ். "உள்ள என்னமோ இருக்கு" என்றான் பன்னீர். மறுநாள் என்னை வேட்டி கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். இடுப்பில் வெள்ளிக் கொடிகூட இல்லாமல் வெறும் வேட்டி சட்டையோடு, கண்ணாடி இல்லாமல் தடவித் தடவிச் சில்லைப் பொருத்தினேன். அப்போதும் மைனஸ்தான். தனசேகரன் சார் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ராஜமாணிக்கம், ஒரு தடவ உன்னையே திருப்பிப் போட்டுப் பாக்கலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. என்னால் ஒரு பெண்ணின் படிப்பு கெடுகிறது என்றால் நாளையிலிருந்து அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றே முடிவெடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்த என் செல்போன் அடித்தது. பன்னீர் எடுத்துவந்து கொடுத்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள். வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

"யோவ், மேல வீதி இல்லய்யா, கீழ வீதி! நீ மேல நின்னுகினு இருக்க. அப்படியே கெழக்கால வா, கீழ வந்துடும்" என்று கத்தினேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் செல்வி என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார். மேல வீதின்னா மேற்கு."

"பின்ன வடக்கா?"

"நீங்க இங்கயும், 'மேல பிளஸ் போடு'ன்னு சொல்வீங்களே, அதுவும் மேற்கா?"

"மேற்குதான். மேலன்னா மேற்கு. உனக்குத் தெரியாதா?"

"ஐயோ சார்! நான் மேல இருக்கற ஓட்டைன்னு நெனச்சேன் சார்!"

புரிகிற மாதிரி சொல்கிறேன். மேற்கு முனையில் பிளஸ் என்பது சாருடைய விதி. நான் இல்லாத நாளில் செல்வியே காந்தத்தருகே போய், சில்லின் மேற்கு முனையைக் கண்ணால் பார்த்து, சிவப்புக் கம்பியை அதில் செருகுவாள். நான் இருக்கும் நாளில் காந்தத்தருகே நான் நிற்பேன், அவள் சுவரிலிருந்த இணைப்புப் பலகையருகே நிற்பாள். அந்தப் பலகையில் இரண்டு சாக்கெட், ஒன்றின்மேல் ஒன்றாக. நான், "மேல பிளஸ்" என்று குரல் கொடுப்பேன். அவள் மேல் சாக்கெட்டில் சிவப்பைச் செருகுவாள். மேல் சாக்கெட்டிலிருந்து போகிற கம்பி சில்லின் கிழக்கு முனைக்குப் போகிறது! சிதம்பரத்தில் குடியிருக்கும் எனக்கு மேல என்றால் காலங்காலமாக மேற்கு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவளுக்கு மேல என்றால் மேலேதான். திருப்பிப் போட்டாலும் இது பிடிபடாது. திருப்பினால் சிக்னல் திரும்பும், ஆனால் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினோம் என்று அது சொல்லாது.

தனசேகரன் சார் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். அங்கே ஏற்றி வைத்திருந்த கண்ணாடி கீழே விழுந்தது.

"என் ஊர் பேர்லயே இருக்குய்யா! மேல்பட்டாம்பாக்கம்!"

செல்வி சிரித்தாள். எத்தனை நாளைக்கப்புறம்! அந்தச் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பன்னீரிடம் போய், "யாருடா காந்தம்?" என்று அவன் காதைத் திருகினேன்.

பழைய அளவுகளை அப்படியே குறி மாற்றி எழுதிவிட சார் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மறுபடி அளக்கச் சொன்னார். அதற்கு முன்னால் முனைகளுக்குப் பெயர் வைக்க வேண்டும். மேல, கீழ என்ற பேச்சே கூடாது. ஈஸ்ட், வெஸ்ட் என்று ஆங்கில எழுத்துப் போடலாம் என்றான் பன்னீர். சார் உடனே கையை உயர்த்தினார். டங்ஸ்டனுக்கு வேதியியலில் குறியீடே டபிள்யூதான். வெஸ்ட்டுக்கும் டபிள்யூ, டங்ஸ்டனுக்கும் டபிள்யூ என்றால் அடுத்த குழப்பத்துக்கு நாமே பந்தல் போட்ட மாதிரி. இடது வலது என்றால் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறும்.

"எங்க ஊர்ல ரெண்டே பக்கம்தான் சார். கடல் பக்கம், கரை பக்கம். எந்தக் குடிகாரனும் மாத்திச் சொல்லமாட்டான்" என்றாள் செல்வி.

சார் யோசித்தார். "காட்டு" என்றார். அவளே ஸ்டிக்கர் வெட்டி, தடித்த பேனாவால் எழுதி, காந்தத்தின் கிழக்குப் பக்கத்தில் கடல் என்றும் மேற்குப் பக்கத்தில் கரை என்றும் ஒட்டினாள். சாக்கெட்டுகளிலும் அதே பெயர். அதிலிருந்து நான், "கரை பிளஸ்" என்று குரல் கொடுப்பேன், அவள், "கரை பிளஸ்" என்று திருப்பிச் சொல்வாள். பிளாட்டினம், டங்ஸ்டன் இரண்டும் ஒரே திசையில் முறுக்கின. ஒரு நாள்கூட மாறவில்லை, நான் பெல்ட் போட்டிருந்த நாளிலும்.

பிறகு இரண்டையும் சேர்த்த சில்லு. அதற்குப் படலம் போட்ட காலையில் நான் வீட்டில் சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சில்லைப் பொருத்தி, பக்கவாட்டில் சிறு காந்தப்புலத்தை வைத்துவிட்டு, செல்வி கரையிலிருந்து கடலுக்குக் கரன்ட்டைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். திரையில் கோடு அசையாமல் கிடந்தது. பிளாட்டினம் மட்டும் இருந்த சில்லு கவிழ்ந்த அளவில் பாதியைத் தாண்டியதும் கோடு ஒரே குதியாகக் கீழே இறங்கியது. காந்தம் கவிழ்ந்துவிட்டது.

"சார்!" என்று அவள் போட்ட கூச்சலில் கேன்டீன்காரர் எட்டிப் பார்த்தார். சார் வந்தார். பார்த்தார். என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியாதா? செல்வி, பன்னீர், நான் மூன்று பேரும் சேர்ந்தே சொன்னோம். "திருப்பிப் போடு!"

செல்வி கடலிலிருந்து கரைக்கு அனுப்பினாள். கோடு குதித்து மேலே ஏறியது. மறுபடி கரையிலிருந்து கடலுக்கு, இறங்கியது. கடலிலிருந்து கரைக்கு, ஏறியது. சொன்ன பேச்சைக் கேட்கும் காந்தம்! தனசேகரன் சார் நாற்காலியின் முதுகை விட்டுவிட்டு முன்பக்கமாக வந்து அதில் உட்கார்ந்தார். நான் பார்த்து அவர் அந்த அறையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "இன்னொரு தடவ ஓட்டும்மா, பாத்துகினே இருக்கலாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைப்பதுபோல நடித்தேன்.

செல்வியின் வாய்மொழித் தேர்வுக்குக் கலியமூர்த்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். பேச்சு முழுக்க ஆங்கிலம். அவர் கையைக் கட்டிக்கொண்டு, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கேயிருந்து வந்த தேர்வாளர் ஒரு படத்தைச் சுட்டிக்காட்டி, கரன்ட்டின் திசைக்குக் கடல் என்று போட்டிருக்கிறீர்களே, கடல் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவ்வளவு நேரத்தில் கலியமூர்த்திக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். சட்டென்று எழுந்து சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கடலா? தோ, அந்தாண்ட சார்!"

அரங்கமே அதிர்ந்தது. தேர்வாளருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் எழுந்து கலியமூர்த்திக்கு வணக்கம் வைத்தார். செல்வி மேடையில் சிரித்துக்கொண்டே அழுதாள். அடுத்த மாதம் நான் ஓய்வு பெற்றேன். செல்வி வடக்கே கடலே இல்லாத ஒரு ஊரில் வேலைக்குப் போனாள். அங்கேயும் அவள் காந்தத்தில் கடல் என்றுதான் எழுதி வைத்திருக்கிறாளாம்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில், போன வாரம் வந்த பையன்களில் ஒருவன் போன் செய்தான்.

"சார், புது மெஷின்ல உங்க ஸ்டிக்கரையே ஒட்டிட்டோம். ஆனா இப்பதான் பார்த்தோம், கடல்னு ஒட்டுன பக்கம் மேல வீதியப் பார்த்து நிக்குது. ஸ்டிக்கரப் பிச்சு மாத்தி ஒட்டிடவா?"

"ஸ்டிக்கர்ல கை வச்ச, கைய ஒடிச்சிடுவேன். மெஷினைத் திருப்பிப் போடு."

சாயங்காலம் போட்டோ வந்தது. கம்பெனி ஆள்களை வைத்துத் திருப்பிவிட்டிருந்தார்கள். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும் செல்விக்கு அதை அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"அப்பாகிட்ட காட்டினேன் சார். போட்டோவுல ஜன்னல் வழியா விழற சாயங்கால வெயில வச்சுத் திசை பார்த்துட்டு, கடல் கரெக்டாதான் இருக்குன்னு சொல்லிட்டாரு."